இறுதியாண்டு ஆய்வுக்குத் தேயிலையும் மைக்ரோவேவும் எடுக்கிறீர்களா?

மலையகத்திலிருந்து விஞ்ஞான பீடத்துக்கு வரும் தம்பி தங்கச்சிமார் தேயிலையையே ஆய்வுக்கு எடுக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், கொழுந்தைப் பற்றி நம் வீடுகளில் தெரியாத விஷயமா. ஆனால் மைக்ரோவேவில் சூடேற்றி இலையிலுள்ள சேர்வைகளைக் கரைப்பானுக்குள் பிரித்தெடுப்பது என்று முடிவெடுத்தால், எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்று தேடுவதற்கு முன்னால் அங்கே சூடாவது எது என்று கேளுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், என்னைத் துளைத்ததும் இந்தக் கேள்விதான்.

கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப இலைமேல் வடியவிடும் சொக்ஸ்லெட் கருவியில் வெப்பம் வெளியிலிருந்து மெதுவாக உள்ளே போகும், மணிக்கணக்கில் இழுக்கும். மைக்ரோவேவில் அப்படியில்லை, 2.45 கிகாஹேர்ட்ஸ் அலையோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும் முனைவுள்ள (ஒரு பக்கம் நேரேற்றமும் மறு பக்கம் மறையேற்றமும் சாய்ந்த) மூலக்கூறுகளே சூட்டை உண்டாக்குகின்றன, இலைக் கலத்துக்குள் இருக்கும் நீர் சூடேறி, அமுக்கம் கூடி, கலச்சுவர் கிழிந்து, தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல் கரைப்பானுக்குள் வந்துவிடும். சில நிமிடங்களில் வேலை முடிவது அதனால்தான். ஹெக்சேன் என்ற கரைப்பான் முனைவற்றது, அதைத் தனியே வைத்தால் சூடேறவே மாட்டாது. எதனோல் நன்றாகச் சூடேறும். தேயிலைப் பொலிபீனோலுக்குத் தனி எதனோலைவிட நீர் கலந்த எதனோலே பொதுவாக நல்லது, உலர்ந்த தூளாக இருந்தால் சூடேற்றுவதற்கு முன் அந்தக் கலவையிலேயே கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள், கலத்துக்குள் நீர் போகட்டும்.

இன்னொன்று, கொழுந்து. பறித்துப் பையில் திணித்து, பஸ்ஸில் கசங்கிக் கசங்கி ஆய்வுகூடம் வந்து சேர்ந்தால் அதற்குள் பொலிபீனோல் ஒக்சிடேஸ் நொதியம் தேயிலையின் முக்கியப் பொலிபீனோல்களான கட்டெச்சின்களைத் தின்னத் தொடங்கியிருக்கும். பேக்டரியில் கறுப்புத் தேயிலை ஆவதும் இதே வேலையால்தான். அதனால் பறித்த கையோடு ஆவியில் காட்டி நொதியத்தை நிறுத்தி, பிறகு உலர்த்துங்கள். என் கணக்கில் பாதி ஆய்வு இங்கேதான் நிற்கிறது.

உயரத்தையும் மறக்க வேண்டாம். சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் செய்கிறவர்கள் கொழும்பில் செய்த ஆய்வின் வெப்பநிலையை அப்படியே எழுதிவைத்தால் பொருந்தாது, நீங்களே அளந்து எழுதுங்கள். வெப்பம் மிஞ்சினாலும் ஆபத்துத்தான், ஈஜிசிஜி என்ற முக்கியக் கட்டெச்சின் உருமாறிவிடும்.

வீட்டு மைக்ரோவேவில் எதனோல் வைக்கவே வேண்டாம், தயவுசெய்து. ஆவி உள்ளே தேங்கும், ஒரு பொறி போதும். அதோடு பல வீட்டு அடுப்புகளில் பாதி வலு என்றால் முழு வலுவில் விட்டு விட்டு எரிவதுதான், அந்த எண்ணை ஆய்வறிக்கையில் எழுத முடியாது.

ஒப்பீட்டுச் சோதனையைக் கட்டாயம் வையுங்கள்: அதே கரைப்பான், அதே வெப்பநிலை, அதே நேரம், ஆனால் நீர்த்தொட்டியில். அது இல்லாமல் மைக்ரோவேவ்தான் கூடுதலாக எடுத்தது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் கிடையாது.

சரி, அளவீடு. நிறமாற்றத்தை வைத்து அளக்கும் ஃபோலின் முறை காலிக் அமிலச் சமானமாகப் பொலிபீனோலின் மொத்த அளவைத்தான் தரும், விற்றமின் சி போன்ற தாழ்த்திகளையும் சேர்த்தே எண்ணிவிடும். கட்டெச்சின்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் சேர்வைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி தேவை, அதற்கு எப்போதும் வரிசை இருக்கும், ஆகவே தலைப்பு உறுதியான வாரமே போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.