ஐந்து நிமிடத்தில் எண்ணியதும், அப்புறம் நாங்களாக எண்ணியதும்

நான் கொட்டாஞ்சேனையில் இருப்பவன். தோட்டம் என்று இருப்பது மனைவி வழியில், புவக்பிட்டியப் பக்கம், ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மாவட்டம் கொழும்புதான். ஆனால் 122 பஸ்ஸில் இறங்கி உள்ளே கொஞ்சம் நடந்தால் இறப்பர் மரமும் அட்டையும்தான். தென்னை, பலா, வாழை, இடையில் வற்றாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு), பயற்றங்காய். பாடுபடுவது மாமா. நான் லீவு நாட்களில் போய் இளநீர் குடிக்கிற ஆள்.

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவிலும் வயலிலும் நின்று ரிலவா என்கிற செம்பழுப்புக் குரங்கு, வந்துரா என்கிற கருமுக மந்தி, தண்டுலேனா என்கிற பெரிய மர அணில், மயில் இந்த நான்கையும் எண்ணிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று இலங்கை விவசாய அமைச்சு சொன்னது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுக்க மின்சாரம் போனதாகச் சொன்ன அந்த பெப்ரவரி 9 கழிந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கொழும்பில் என் ஒபிஸில் இது பெரிய பகிடி. மாமாவுக்குப் பகிடி இல்லை. குரங்குகள் தென்னங் குரும்பட்டியைப் பிய்த்து எறிவதைத் தினமும் பார்க்கிறவர் அவர். முதல் நாளே வரச் சொல்லிவிட்டார்.

நான் பலா மரத்தடி, மச்சான் கிணற்றுப் பக்கம், மாமா முற்றம். எல்லாரும் ஒரே நேரத்தில் எண்ணினால் ஒரே மிருகத்தை இரண்டு தரம் எண்ண மாட்டோம் என்பதுதான் இந்த ஐந்து நிமிடக் கணக்கின் அடிப்படை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 8 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அயல் வளவு மாமரத்திலிருந்து ரிலவாக் கூட்டம் எங்கள் பலாவுக்குத் தாவத் தொடங்கியது. முதலில் ஒரு பெரிய கடுவன், பின்னால் தாய்கள், வயிற்றில் தொங்கும் குட்டிகள். குட்டி தாயின் மயிரோடு மயிராக ஒட்டிக்கொண்டிருக்கும், வாலைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். நான் வாலை எண்ணிக்கொண்டிருக்கும்போதே முன்னால் வந்தவை தென்னைக்குப் போய்விட்டன, இரண்டு திரும்பி மாமரத்துக்கே வந்தன. மாமா 19 என்றார், மச்சான் 26 என்றார். காணி மாமாவுடையது என்பதால் 19 எழுதினோம். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரும் அதே கூட்டத்தை எழுதிவிட்டார். 8.01க்கு அவை அவருடைய மரத்தில்தானே இருந்தன! அவர் செய்தது பிழை இல்லை, நாங்கள் செய்ததும் பிழை இல்லை. கூட்டினால் மட்டும் ஒரு கூட்டம் இரண்டாகிவிடும்.

மேல் பக்கத்துக் காணிக்காரர் படிவமே கொடுக்கவில்லை. "ஒன்றும் வரவில்லையே தம்பி, எதை எழுத?" என்றார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஓட்டை. எண்ணிக்கையில் பூச்சியமும் ஒரு விடைதான். கண்டவர்கள் எழுதி, காணாதவர்கள் சும்மா இருந்தால் சராசரி தானாக ஏறிவிடும்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. ரிலவா 51.7 இலட்சம், வந்துரா 17.4 இலட்சம், தண்டுலேனா 26.6 இலட்சம், மயில் 42.4 இலட்சம். நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 218 இலட்சம். அப்படியென்றால் நாலு பேருக்கு ஒரு ரிலவா. மயில் கணக்கை நான் வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். வகுத்தால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 65 மயில் வரும், அதுவும் குளம், நகரம், புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து. வந்துரா இன்னும் சிக்கல். கொழும்பைச் சுற்றி நாம் காணும் மேற்குக் கரையோர வந்துரா இந்தத் தீவுக்கு வெளியே எங்கும் இல்லாத இனத்தின் கிளை, அழியும் ஆபத்தின் உச்சப் பட்டியலில் இருப்பது. 17 இலட்சத்தோடு சேர்த்து எழுதினால் அது "கூடிப்போன பிராணி" ஆகிவிடும். ஒரு லட்சம் ரிலவாவைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று 2023இல் பேச்சு எழுந்து, எதிர்ப்பில் நின்றுபோனது ஞாபகம் இருக்கும். நாளைக்கு அப்படி இன்னொரு பேச்சு வந்தால் இந்த இலக்கங்களைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

மாமாவின் கவலை வேறு. "படிவத்தில் மானுக்குக் கட்டம் இல்லையே" என்றார். எங்கள் வற்றாளைக் கொழுந்தை மேய்வது இரவில் நாய்போலக் குரைக்கும் சின்ன மான், சிங்களத்தில் ஓலுமுவா, தமிழில் கேளையாடு. அது காலை எட்டு மணிக்கு முற்றத்தில் வந்து நிற்காது. சரி, நாங்களே எண்ணுவோம் என்று இறங்கினோம்.

மானைக் கண்ணால் எண்ண முடியாது, அடையாளத்தை எண்ண வேண்டும். வேலியில் அது நுழையும் இடைவெளிகளில் மண்ணைக் கிளறி, சலித்த மணல் தூவி, பின்னேரம் சமப்படுத்திவிடுவோம். விடிய மாமா போய்க் குளம்படி பார்ப்பார். கேளையாட்டின் அடி சின்னது, இரண்டாகப் பிளந்து முன்பக்கம் கூர்ந்திருக்கும். பன்றியின் அடி அகலம், ஈர மண்ணில் பின்னால் இரண்டு புள்ளி விழும். அடி இல்லாத நாளும் கலண்டரில் பூச்சியமாக எழுதப்பட்டது, மேல் காணிக்காரரை நினைத்துக்கொண்டு. அப்புறம் புழுக்கை. நாலு இடத்தில் கயிறு கட்டி, உள்ளே கிடந்ததையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு, இரண்டு வாரம் விட்டுப் புதிதாக விழுந்த குவியல்களை மட்டும் எண்ணுவது. ஒரு மான் ஒரு நாளில் பல தடவை போடும், மழையில் கரையும், சாணி வண்டு உருட்டிக்கொண்டு போகும். ஆகையால் குவியலை மான் என்று எண்ணக்கூடாது. எங்களுக்கு மொத்தத் தொகை தேவையே இல்லை. போன மாதத்தை விடக் கூடியதா குறைந்ததா, எந்தப் பக்கத்தால் வருகிறது, இவ்வளவு தெரிந்தால் போதும்.

தெரிந்தது இதுதான்: மான் ஒன்றோ, மிஞ்சினால் இரண்டோ. ஓடைப் பக்கத்து ஒரே இடைவெளியால்தான் வருகிறது. பலா பழுத்து விழும் காலத்தில் அடி கூடுகிறது. அதாவது வற்றாளைக்காக அது வரவில்லை, விழுந்த பழத்துக்கு வந்து, போகிற வழியில் கொழுந்தைக் கடிக்கிறது.

அயலில் ஒருவர் கண்ணி வைக்கச் சொன்னார். மாமா கேட்கவேயில்லை. பன்றிக்கென்று வைத்த கம்பியில்தான் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது, தோட்டப் பக்கத்துச் சனம் அதை மறக்காது. மானைப் பிடிப்பதும் வன விலங்குச் சட்டத்தில் குற்றம். விழுந்த பலாவை அன்றன்றே பொறுக்கினோம். ஓடைப் பக்கத்து இடைவெளிக்குக் கோழி வலை அடித்தோம், அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைத்து. கேளையாடு தாண்டுவதை விட நுழைவதைத்தான் விரும்பும், அதனால் உயரத்துக்குக் காசைக் கொட்டவில்லை. வற்றாளை இப்போது தப்பித்துவிட்டது. புழுக்கை ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் விழுகிறது, அது எங்கள் கணக்கில் இல்லை.

ரிலவாவுக்கு இந்த வலை வேலை ஒன்றும் சரிவரவில்லை. கலண்டரில் அதற்கும் ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறேன், எந்த நேரம் வருகிறது, எந்த மரத்தால் இறங்குகிறது என்று. முதலில் அயல் வளவுக்காரரையும் அதே போல எழுத வைப்போம் என்கிறார் மாமா. இரண்டு கலண்டரையும் பக்கத்தில் வைத்தால்தான் அது ஒரு கூட்டமா இரண்டா என்று தெரியும்.