லென்ஸ் பாதியில் நிற்கும் டிஜிட்டல் கேமரா: கழற்றும் முன்னும் பின்னும்

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. பீரோவில் கிடந்த கேனான் இக்சஸையோ பவர்ஷாட்டையோ எடுத்து ஆன் செய்தால், லென்ஸ் பாதி வெளியே வந்து நிற்கும்; திரையில் ‘லென்ஸ் எரர், ரீஸ்டார்ட் கேமரா’ என்று வரும்; பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். போர்டு (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை) போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு லென்ஸ் குழலில் சிக்கிய மணலாகவோ, தடம் விட்டு விலகிய பின்னாகவோ (குழலில் இருக்கும் குட்டி முளை), சோர்ந்த பேட்டரியாகவோதான் இருக்கும்.

முதலில் பேட்டரி. ஆன் ஆகும் நேரத்தில் லென்ஸ் மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். திரையை எரியவைக்கும் பேட்டரிக்கு லென்ஸைத் தள்ளத் தெம்பு இல்லாமல் போகலாம். என்பி-4எல் போன்ற 3.7 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மீட்டரில் சரியாகக் காட்டும் பழைய பேட்டரியும் லோடு ஏறியதும் சரியும் என்பதால், நல்ல பேட்டரி ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. டபுள்-ஏ செல் போடும் மாடல் என்றால் ரிமோட்டுக்குப் போடும் சாதா செல் உதவாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் போடுங்கள்.

அடுத்து, பிளேபேக் பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் இப்படிச் செய்தால் லென்ஸ் நீளாது. பழைய படங்கள் ஒழுங்காகத் தெரிந்தால் போர்டும் திரையும் பிழைத்திருக்கின்றன, லென்ஸ் பக்கம்தான் சிக்கல். இனி காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று திணறினால் ஏதோ தடுக்கிறது. ர்ர்ர் என்று சுற்றும் சத்தம் வந்தும் குழல் அசையவில்லை என்றால் பல்சக்கரம் வழுக்குகிறது. சத்தமே இல்லை என்றால் மோட்டாரோ ரிப்பன் கேபிளோ (தட்டையான மெல்லிய கேபிள்) காரணம்.

மணல் என்றால் திறக்காமலேயே சரியாக வாய்ப்பு உண்டு. லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்து, குழல்களின் இடுக்கில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் இழுங்கள். எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். அது ஷட்டர் இதழ்கள் வரை கசிந்து அவற்றை ஒட்டவைத்துவிடும். அதன்பிறகு படமெல்லாம் வெள்ளையாகவோ இருட்டாகவோதான் வரும்.

இதிலும் ஆகவில்லை என்றால் கழற்ற வேண்டியதுதான். பேட்டரியை எடுத்த பிறகும் பிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நாள்கணக்கில் தங்கியிருக்கலாம். பிளாஷுக்கு அருகே அல்லது பேட்டரி அறையை ஒட்டி இருக்கும் கறுப்பு உருளை அதுதான். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களில் இன்சுலேட்டட் ஒயர் மாட்டி, உலோக முனை கையில் படாமல் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு முனையிலும் ஐந்து விநாடி வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை 600 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கேமராவுக்குள் கையை விடலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் போர்டையும் சேர்த்துக் கொல்லும். நடுவில் சோதிக்க பேட்டரி போட்டால் கெப்பாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆகிவிடலாம். ஒவ்வொரு முறையும் அந்தச் சார்ஜை இறக்கியே ஆக வேண்டும்.

ஸ்க்ரூக்களுக்கு 00 அளவு பிலிப்ஸ் முனை பொதுவாகப் பொருந்தும். பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும்; யுஎஸ்பி மூடிக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கலாம். வெள்ளைத் தாளில் கேமராவின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஸ்க்ரூவை ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ரிப்பனையோ திரையையோ குத்திவிடும்.

ரிப்பன் கனெக்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் லாக்கை நகத்தால் மேலே தூக்க வேண்டும், இன்னொன்றில் இரு ஓரத்தையும் சமமாக வெளியே இழுக்க வேண்டும். எது என்று பார்க்காமல் ரிப்பனைப் பிடித்து இழுக்காதீர்கள்.

லென்ஸ் யூனிட் வெளியே வந்ததும் மோட்டார் பக்கத்துப் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு குழலிலும் சாதாரணமாக மூன்று பின்கள் சரிவான தடங்களில் ஓடும். கீழே விழுந்த கேமராவில் ஒரு பின் தடத்தை விட்டு வெளியேறி, முன்குழல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். குழலை நேராக நிமிர்த்தி, சாய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் பக்குவமாக அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். பின் முறிந்திருந்தால் லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும். தடங்களை உலர்ந்த பிரஷால் துடைத்தால் போதும். கம்பெனி தடவிய கிரீஸை மொத்தமாக வழித்து எடுத்தால் குழல் இழுத்துக்கொண்டு ஓடும்.

குறிப்பிட்ட ஜூமில் மட்டும் எரர் வந்தால், ரிப்பன் மடியும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். சில மாடல்களுக்கு ரிப்பன் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் மோட்டார் முனைகளில் பொடிப்பொடியாகச் சால்டர் செய்ய வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் முழு யூனிட்டாக வாங்குவதே மேல்.

படத்தில் தெரியும் தூசிப் புள்ளிக்காக, லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதியும் சென்சாரைக் கழற்றுவதாக இருந்தால், அதன் தகட்டு ஸ்க்ரூக்களில் பசையோ அடியில் ஸ்பிரிங்கோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவை கம்பெனியில் மட்டம் பார்த்து வைத்தவை. அவற்றை அசைத்தால் படத்தின் ஒரு ஓரம் எப்போதும் கலங்கலாகவே வரும். புள்ளியோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.