தடம் பதியாத திருத்தம்

இரண்டு நாள்களாக ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். சரக்குப் பட்டியலில் ஒரு பொருளின் விலை 480 ரூபாயிலிருந்து 840 ஆகியிருக்கிறது; ஆனால் அதன் மாற்ற வரலாற்றின் கடைசி வரியில் இன்னும் 480தான் இருக்கிறது. இதற்காகக் கிடங்கில் பணிபுரியும் ஒருவரிடம் விளக்கம் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரும் உறுத்தல்.

எங்கள் செயலி, வலைச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதப்பட்டது. பதிவு சேவ் ஆனதும் ஜாங்கோவுக்குள் எழும் சிக்னல் என்ற அறிவிப்பைக் கேட்டுத்தான் வரலாறு எழுதப்படும். பல விலைகளை ஒரே சொடுக்கில் திருத்த அண்மையில் சேர்த்த பக்கமோ, பல பதிவுகளை ஒன்றாக மாற்றும் க்வெரிசெட் அப்டேட்டை நேரடியாக அழைத்திருந்தது. அது ஒரே எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கட்டளையாகத் தரவுத்தளத்துக்குப் போய்விடுவதால் சிக்னல் எழுவதில்லை, சேவ் ஆகும்போது தானாக மாறும்படி ‘ஆட்டோ நௌ’ என்று குறித்த திருத்த நேரம்கூட நகர்வதில்லை. அந்தப் பழைய நேரத்தை நம்பித்தான் முதல் நாள் முழுவதையும் இழந்தேன்.

இப்போது எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸின் அட்டவணையிலேயே, மாற்றம் நடந்தால் தானாக இயங்கி வரலாற்றை எழுதும் ட்ரிகர் வைத்திருக்கிறோம். கையால் எழுதிய கட்டளையும் இனிப் பதியும். ஆனால் தரவுத்தளத்துக்குத் தெரிவது செயலியின் பொதுக் கணக்கு மட்டுமே என்பதால், உள்நுழைந்தவரின் எண்ணை, ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதியான ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனிலும் அது முடிந்ததும் தானாக நீங்கிவிடும் செட் லோக்கல் மூலம் அனுப்புகிறோம். வெறும் செட் போட்டால், அதே தரவுத்தள இணைப்பு அடுத்தவருக்குப் போகும்போது முந்தையவரின் எண்ணும் ஒட்டிக்கொண்டு போகக்கூடும்.

பழைய திருத்தங்களை இரவு நகல்களை ஒப்பிட்டு மீட்டு வருகிறேன். விலைகள் கிடைக்கின்றன, மாற்றியவர் பெயர் கிடைக்கவில்லை. கிடங்குக்காரரிடம் இன்று காலை நேரில் சென்று நடந்ததைச் சொன்னேன்.