மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் எண்

மூன்றாம் நிலையில் இருந்த சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும், கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் மருந்துகளில் ஆறு சுற்றுக் கீமோவும் முடிந்தபோது வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ பயம் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. சிகிச்சை நடந்த மாதங்களில் இரத்த அணுக்கள் குறைந்துவிட்டனவா, அடுத்த சுற்று தள்ளிப்போகுமா என்பதிலேயே நாள்கள் ஓடிவிட்டன. மருந்து நின்ற பிறகுதான், நோயை அடக்கி வைத்திருந்த ஒன்றும் சேர்ந்து நின்றுவிட்டதே என்ற எண்ணம் வந்தது. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் திரும்ப வருவதுண்டு என்பதை டாக்டர் மறைக்கவில்லை. ஆகவே, "உனக்கெல்லாம் ஒண்ணும் வராது, சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று உறவினர்கள் சொன்ன ஆறுதல் என் மனத்தில் ஒட்டவே இல்லை. எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று யாராவது பிரித்துச் சொன்னால் போதும் என்றிருந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கொருமுறை என்று எனக்கு அட்டவணை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், உள்பரிசோதனை செய்வார், இந்தப் புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ.125 பரிசோதனைக்கு எழுதுவார், சி.டி. ஸ்கேன் சந்தேகம் இருந்தால் மட்டும். கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்குவோம். செக்கப்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே உடம்பு முழுவதும் காது முளைத்தாற்போல் ஆகிவிடும். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தால், பாவாடை நாடா இடுப்பில் இறுகினால், இரவில் ஒருமுறை கூடுதலாகச் சிறுநீர் கழிக்க எழுந்தால், எல்லாம் அதுவாகவே தோன்றும். நோயின் உண்மையான அறிகுறிகளும் இவையேதான் என்பது இதில் உள்ள கொடுமை.

ஒருமுறை, 11 ஆக இருந்த சி.ஏ.125 அளவு 19 ஆகியிருந்தது. இயல்பின் உச்ச வரம்பு 35 என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஏறியிருக்கிறதே என்பது மட்டுமே கண்ணில் பட்டது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து விளக்கினார். என்னைப் போல அளவு இயல்புக்குத் திரும்பியவர்களுக்கு, அது வரம்பின் இரு மடங்கான 70-ஐத் தொட வேண்டும், குறைந்தது ஒரு வாரம் கழித்து எடுக்கும் இன்னொரு பரிசோதனையும் அதை உறுதிசெய்ய வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணை வைத்து நோய் திரும்பியதாகக் கணக்கிடுவார்கள் என்றார். அதற்குக் கீழே ஏறிக்கொண்டே போனாலும் கவனிப்பார்களாம். ஆனால் வயிற்றுக்குள் ஏற்படும் அழற்சி, காசநோய், கல்லீரல் கோளாறு போன்ற வேறு காரணங்களாலும் அது ஏறும். லேபுக்கு லேப் கருவி மாறினாலும் வேறுபடும். எனவே ஒரே லேபில்தான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த முறை 13 என்று வந்தது. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்பதற்கு எவரிடமும் விடை இல்லை.

"மாசாமாசம் எடுத்துப் பாத்துடலாமே டாக்டர், சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லதுதானே" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னைப் புரட்டிப் போட்டது. 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில் 529 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இந்த எண் ஏறியவுடனேயே கீமோ தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு அறிகுறி தெரியும் வரை காத்திருந்தார்கள். முதல் பிரிவினர் ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னதாகவே மருந்து எடுத்தும் கூடுதல் காலம் வாழவில்லை. மருந்தின் தொல்லைகள்தாம் முன்னதாக வந்து சேர்ந்தன. இன்று நோய் திரும்பினால் உதவக்கூடிய ஓலாபரிப் போன்ற மாத்திரைகளும், தேர்ந்தெடுத்த சிலருக்கு மறு அறுவை சிகிச்சையும் இருப்பதால் பரிசோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். இதைக் கேட்டு மனம் உடைந்தவர்களும் உண்டு. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது, ஏனென்றால் ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போய்விடும் என்ற கணக்கில்தான் அதுவரை என் உடம்பை நானே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். ரிப்போர்ட் வரும் போன் எண் இப்போது அக்காவுடையது. டாக்டரின் அறைக்குள் போன பிறகே எண் என் காதில் விழும். வயிறு உப்புசமோ வலியோ வந்தால் நாள்காட்டித் தாளின் பின்புறம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இரண்டு வாரம் விடாமல் இருந்தால் செக்கப் தேதிக்குக் காத்திராமல் போன் செய்ய வேண்டும், மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ என்றால் அன்றைக்கே. பெரும்பாலான குறிப்புகள் நான்கைந்து நாளில் நின்றுவிடுகின்றன. மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்த்தேன். தூக்கம் திரும்பியதற்கு அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளுக்குப் பங்குண்டு. இந்தப் புற்றுநோய்க்கான ஆபத்து பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையில் மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது மகளை எண்ணி வைத்திருந்த தனிப் பயத்தைக் குறைத்தது.

இரண்டு ஆண்டுகள் முடிந்து ஆறு மாத இடைவெளிக்கு மாற்றியபோது மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன், வந்தது கலக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைத்த உறுதிச்சொல்லுக்கு மனம் பழகிவிட்டிருந்தது. டாக்டரிடம் அதை மறைக்காமல் சொன்னேன். முதல் முறை மட்டும் நான்கு மாதத்தில் வரச் சொல்லி ஓ.பி. சீட்டில் தேதியை மாற்றி எழுதினார். அடுத்ததற்கு ஆறு மாதம் கழித்துத்தான் ரயில் டிக்கெட் போட்டோம்.