பாதாம் எதற்குப் பதிலாக?

என் மேஜை இழுப்பறையில் ஒரு பாதாம் டப்பா எப்போதும் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் கை தானாக பிஸ்கட் பக்கம் போகும். அந்தக் கையை மடக்கத்தான் டப்பா. அதைப் பார்த்த அலுவலக நண்பர் ஒருவர், "நானும் தினமும் சாப்பிடுறேன் சார், கொலஸ்ட்ரால் இறங்கவே மாட்டேங்குது" என்றார். எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். பிஸ்கட் முடிந்த பிறகாம்!

பாதாம் விஷயத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற கேள்வி, அதை எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பது. பிஸ்கட், சிப்ஸ் இருந்த இடத்தில் பாதாம் வந்தால் பலன் உண்டு. ஏற்கெனவே தின்பதோடு இதையும் சேர்த்தால் எடை கூடவும் வாய்ப்பிருக்கிறது.

ஒரு கைப்பிடி என்பது 28 கிராம், சுமார் 23 பருப்பு. அதில் 6 கிராம் புரதம், 3.5 கிராம் நார்ச்சத்து, 14 கிராம் கொழுப்பு. கொழுப்பு என்றதும் பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகைதான். வைட்டமின் ஈ 7 மில்லிகிராம் கிடைக்கும். பெரியவர்களின் ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி கலோரிக் கணக்கு. வழக்கமான கணக்குப்படி 28 கிராமுக்கு 160, 170 கலோரி வரும். 2012-ல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் சிலருக்குப் பாதாம் கொடுத்து, உடலில் சேராமல் வெளியே போனது எவ்வளவு என்றும் அளந்து பார்த்தார்கள். உடலுக்குக் கிடைத்தது 129 கலோரிதான். மீதி எங்கே போயிற்று? ஒரு பருப்பைப் பாதியாகக் கடித்து, உடைந்த பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். லேசாக ஒரு எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ள பொருள், ஆனாலும் கையில் வழிவதில்லை. எண்ணெய் முழுவதும் நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நாம் எவ்வளவு மென்றாலும் எல்லாச் செல்லும் உடைவதில்லை. உடையாதவை கொழுப்போடு அப்படியே வெளியேறிவிடுகின்றன. பாதாமை விழுதாக அரைத்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது, கணக்கில் உள்ள கலோரி ஏறக்குறைய முழுசாக வந்து சேரும். எடையைப் பார்ப்பவர்கள் முழுப் பருப்பை மென்று தின்பதே நல்லது.

ஊறவைப்பதா, தோலை உரிப்பதா? ஊறினால் பல் வலிக்காமல் மெல்லலாம். அதைத் தாண்டிப் பெரிய மாற்றம் எதுவும் நடப்பதில்லை. தோலிலும் நார்ச்சத்து இருக்கிறது, நான் உரிப்பதில்லை.

அப்புறம் கொலஸ்ட்ரால். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கொலஸ்ட்ரால் அதிகமுள்ள 46 பேர், மூன்று குழு, ஒரு மாதம். கொழுப்புக் குறைந்த சாதாரண உணவில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 8 சதவீதம் இறங்கியது. அதோடு லோவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேர்ந்தபோது 31 சதவீதம். மாத்திரை இல்லாமல் பாதாம், சோயா, ஓட்ஸ், பார்லி, தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ராலை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் தாவரப் பொருள்) எல்லாம் சேர்ந்த உணவில் 29 சதவீதம்! இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு உணவைக் கையில் கொடுத்தார்கள். அதே குழு 2011-ல், இப்படிச் சாப்பிடுங்கள் என்று ஆலோசனை மட்டும் சொல்லிப் பார்த்தபோது ஆறு மாதத்தில் இறங்கியது 13 சதவீதம் போல. அதுவும் மோசமில்லை. ஆனால் பாதாம் அந்தக் கூட்டணியில் ஓர் உறுப்பினர்தான், தனியாக அவ்வளவு சாதிக்காது.

தாவர உணவு முழுவதற்கும் இதே கதைதான். சர்க்கரையும் தாவரம், சிப்ஸும் தாவரம். இறைச்சியை நிறுத்திவிட்டு அந்த இடத்தை மைதாவால் நிரப்பினால் இதயத்துக்கு என்ன லாபம்? பருப்பு, பயறு, கொண்டைக்கடலை வர வேண்டிய இடம் அது. பாதாமின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் தாராளம். பயற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள், டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளி வையுங்கள்.

பாதாம் பாலை நம்பிப் புரதக் கணக்குப் போடாதீர்கள். கடையில் விற்பது பெரும்பாலும் தண்ணீர்; ஒரு கோப்பையில் 1 கிராம் புரதம் இருந்தால் அதிகம். சோயா பாலில் 7, 8 கிராம் வரும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகத்தில் ஆக்சலேட் வகைக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பாதாம் சாப்பிடலாம், ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

முழுக்கத் தாவர உணவுக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன். வைட்டமின் பி12 பாதாமிலும் இல்லை, கீரையிலும் இல்லை. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோதான் எடுத்தாக வேண்டும். கல்லீரலில் பழைய இருப்பு சில வருஷம் வரும் என்பதால் குறை உடனே தெரியாது. கை கால் மரத்துப்போன பிறகு விழித்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்த முறை கொலஸ்ட்ராலுக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.