ரப்பர் தரை என்றாலே பாதுகாப்பா?
விளையாட்டுத் திடலில் ரப்பர் தரையின் கலரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே தெரியும் வண்ண அடுக்கு பெரும்பாலும் 10-15 மி.மீ. தான். விழும் குழந்தையின் தலையைக் காப்பது அதற்கு அடியிலுள்ள கறுப்பு ரப்பர்த்தூள் அடுக்கு. ஏணி எவ்வளவு உயரமோ, அதற்கேற்ற தடிமன் இந்த அடுக்குக்கு வேண்டும். தலை போன்ற கருவியைத் தரையில் விழவைத்துச் செய்யும் சோதனையில், மோதலின் கடுமையைக் காட்டும் தலைக்காய அளவீடு (HIC) 1000-ஐத் தாண்டக் கூடாது. போட்ட அன்று தேறிய தரையும் வெயிலில் பசை இறுகி, மண் அடைத்துக் கெட்டியாகிவிடும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும்தான் முதலில் தேயும். அங்கே காலால் அழுத்திப் பாருங்கள். துகள் உதிர்ந்தாலோ மூட்டு பிளந்திருந்தாலோ உடனே ஒட்டவைக்கச் சொல்லுங்கள்.

செயற்கைப் புல்லுக்கு அடியில் அதிர்வுதாங்கி மெத்தை இல்லையென்றால் அது கான்கிரீட் மேல் விரித்த ஜமுக்காளம்தான்!

உச்சிவெயிலில் இரண்டுமே கால் கொப்பளிக்கும் அளவுக்குச் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் செருப்பில்லாமல் விடவே வேண்டாம்.