வடகடல் வாசல், தென்கடல் வாசல்: ஊர் நாடக அரங்குக்குப் பலகை செய்த அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கருவாட்டுக் கிட்டங்கியை ஊர்க்காரர்கள் சேர்ந்து நாடக அரங்காக மாற்றினார்கள். 180 இருக்கை, சின்ன மேடை, முன்னால் நீளமான ஒரு கூடம். ராமநாதபுரத்தில் கல்யாணப் பத்திரிகையும் கடைப் பலகையும் வடிவமைப்பது என் தொழில். வழிகாட்டிப் பலகைகளையும் கூடத்துச் சுவர்ப் படங்களையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தேன், எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. இதே மாதிரி வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வாரம் கணினியைத் திறக்கவில்லை. ஒத்திகைக்கு ஊர் மக்களை அழைத்திருந்த ஒரு மாலையில், கூடத்தின் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று கட்டிட வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். இரவு பார்த்தால் புள்ளிகள் மூன்றே இடத்தில் குவிந்திருந்தன: வாசலைத் தாண்டிய நாலாவது அடி, அரங்குக்குள் போகும் இரண்டு கதவுகளுக்கு நடுவே, கழிப்பறைக்குத் திரும்பும் மூலை. நான் மனதில் போட்டு வைத்திருந்த 26 பலகைகளில் கிட்டத்தட்ட பாதி யாருமே நிற்காத இடங்களுக்கானவை. அன்று ஓர் ஆத்தா என்னிடம் வந்து, "ஏப்பு, டிக்கெட்டு எங்கிட்டுக் குடுக்குறாக?" என்றார். டிக்கெட் சன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வலப்பக்கம் தெரியும் கடல் சன்னலைத்தான் பார்க்கிறார்கள், இடப்பக்கம் இருக்கும் டிக்கெட் சன்னல் கண்ணிலேயே படுவதில்லை. அதற்கு மேலே எவ்வளவு பெரிதாக எழுதினாலும் பயனில்லை. நடந்து வருகிறவரின் முகத்துக்கு நேரே, அவர் திரும்புவதற்கு முன்பே பலகை இருக்க வேண்டும். அன்றிரவே பட்டியலை 14 ஆகக் குறைத்தேன்.

அடுத்தது சொற்கள். உண்மையில் வடிவத்தைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. குழு கொடுத்த தாளில் 'நுழைவுச்சீட்டு வழங்குமிடம்' என்று இருந்தது. இதை ஒரே வரியில் வைத்தால் எழுத்து சின்னதாகிவிடும், இரண்டு வரியாக்கினால் பாதியில் உடையும். நான் 'டிக்கெட்' போதும் என்றேன். குழுவில் இருந்த ஒரு தமிழாசிரியர் ஒப்பவில்லை. நம் பலகையில்கூட இல்லாவிட்டால் அந்தச் சொல் எங்கே உயிரோடு இருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் அவரே 'சீட்டு' என்று சொன்னார். மூன்றே எழுத்து, பஸ் ஏறுகிறவரும் சொல்கிற சொல். அதையே வைத்தோம்.

இரண்டு கதவுகளுக்கு முதலில் 'அ', 'ஆ' என்று பெயரிட்டிருந்தோம். யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. இடது வலது என்று எழுதினால், இடைவேளையில் வெளியே வந்து திரும்பிப் போகிறவர்களுக்கு அது மாறிவிடும். ஒரு நாள் மேடைக்குப் பலகை அடிக்க வந்த படகுத் தச்சர்கள் தங்களுக்குள், "வடகடல் கதவப் புடி", "தென்கடல் பக்கம் தூக்கு" என்று பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். எனக்கு அந்த நிமிடமே வேலை முடிந்த மாதிரி இருந்தது. இங்கே நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் கடலில் இன்று காற்று, எதில் இன்று வலை என்பதை வைத்துத்தான் இங்கே பேச்சே நடக்கிறது. வடகடல் வாசல், தென்கடல் வாசல் என்று எழுதிய பிறகு ஒருவர்கூட எந்தக் கதவு என்று கேட்டதில்லை. வடகடலுக்குக் கலங்கிய பச்சை, தென்கடலுக்கு ஆழ்ந்த நீலம், சீட்டின் ஓரத்திலும் அதே நிறம். ஆனால் நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வருவார்கள். அதனால் வடகடலுக்கு ஓர் அலைக்கோடு, தென்கடலுக்கு மூன்று என்று சேர்த்தேன்.

எழுத்தளவுக்குத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கானது. தமிழில் புள்ளி இருக்கிறது, சுழி இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் 'ண', 'ன' இரண்டும் ஒன்றாகிவிடும், 'ி'யின் வளைவு மேல் வரியை இடிக்கும். நான் ஒன்றரை மடங்கு எடுத்தேன், வரி இடைவெளியையும் தாராளமாக விட்டேன். மெலிந்த எழுத்துருக்கள் காகிதத்தில் அழகாக இருந்தன, மாலை வெளிச்சத்தில் புள்ளி காணாமல் போனது. முக்தா மலர் எழுத்துருவின் சற்றுக் கனமான வகையில் நின்றேன். எல்லாவற்றையும் முதலில் சாதாரணத் தாளில் அச்சடித்து, டேப் போட்டு ஒட்டி, கண்ணாடி போட்ட பெரியவர்களை நடக்கவைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்தேன். இந்த ஒரு வேலையை யாரும் தவிர்க்காதீர்கள், செலவு மிகவும் குறைவு.

பொருள் விஷயத்தில்தான் அடிபட்டேன். ஐப்பசியில் அலுமினியத் தகட்டுப் பலகைகளை வெளிப்புறம் மாட்டினோம். வாடைக் காற்று இரண்டு மாதம் அடித்தது. தை பிறக்கும்போது ஒவ்வொரு திருகாணியிலிருந்தும் பழுப்பு நிறத்தில் துரு வழிந்து எழுத்துகளின் மேல் இறங்கியிருந்தது. செய்து கொடுத்த கடையில் கேட்டதற்கு, கடற்கரைக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அந்தப் பணம் ஊரில் வீடு வீடாகச் சேர்த்தது. பல நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுகிற ஓர் அண்ணனிடம் போய் நின்றேன். பலகையைப் பார்த்ததும், "தம்பி, வெயில்ல எழுத்து போகாது. ஆணி எறங்குன எடத்துலதான் தொடங்கும்" என்றார். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் சீக்கிரம் அரிக்கும், இரும்புத் திருகாணியின் மெல்லிய பூச்சு போனதும் அதுவும் துருவை விடும். அவர் காட்டிய வழி எளிமையானது. வள்ளம் செய்கிற பட்டறையிலேயே ஃபைபர் தகடு வார்த்து வாங்கினோம். திருகாணிக்கு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் வழக்கமான 304 வகையைவிட உப்பைத் தாங்கும். எழுத்தை அவரே கையால் எழுதினார், என் அச்சுத்தாள் வெறும் அளவுக்கு. ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி வர்ணம் அடிக்கும் காலம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஜூன் கடைசியில்தான் எங்களிடம் வந்தார்.

காத்திருந்த நாட்களில் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். முதலில் எல்லோரும் மேடைப் புகைப்படங்களைப் பெரிதாக அடிக்கலாம் என்றார்கள். எனக்கு ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை நினைவுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அங்கே கட்டம் கட்டமாகக் கதையை நகர்த்திச் செல்கின்றன, நடந்துகொண்டே படிக்கலாம். எங்கள் கூடமும் நீளம்தான். அந்த அமைப்பை எடுத்து, அதற்குள், ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களின் நோட்டீசுகளை வைத்தோம். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம் என்று ஒவ்வொரு கலைஞரின் படத்துக்குக் கீழும் பெயர், ஊர். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து அன்றிரவு மேடையிலேயே சேர்கிறவர்கள் என்பதால் ஊர்ப் பெயர் அவ்வளவு முக்கியம். இளஞ்சிவப்பு, மஞ்சள் தாளில் அடித்த பழைய நோட்டீசுகளை வீடுகளிலிருந்து இரவல் வாங்கி, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, அன்றே திருப்பிக் கொடுத்தேன். கறையையும் மடிப்பையும் அழிக்கவில்லை. தேவாலயங்களில் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தின் படங்களையும் இரண்டு கட்டங்களில் சேர்த்தோம். தன் அப்பாவின் முகத்தைச் சுவரில் பார்த்த ஒரு அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

ஒன்றில் மட்டும் கைவைக்கவில்லை: அவசர வழி. ஜப்பானிய வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் படத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பச்சை ஓடும் மனிதன் அப்படியே இருக்கட்டும் என்றேன். புகையிலும் இருட்டிலும் பழக்கப்பட்ட படம்தான் உதவும். மின்சாரம் போனாலும் சிறிது நேரம் ஒளிரும் தகட்டில் அதைச் செய்தோம், படிகளின் விளிம்பிலும் அதே பட்டை. கழிப்பறைக்கு மட்டும் வழக்கமான பாவாடை உருவத்தை விட்டுவிட்டு, 'பெண்கள்', 'ஆண்கள்' என்று எழுத்தையே பெரிதாக வைத்து, பக்கத்தில் சேலை, வேட்டி உருவம் வரைந்தோம்.

முதல் நாடகத்தன்று மறுபடியும் அதே இடத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்தேன். கதவுகளுக்கு நடுவே புள்ளியே விழவில்லை. கழிப்பறை மூலையில் மட்டும் 11 விழுந்தன. திறந்த கதவு பலகையை மறைக்கிறது, பகலில் நாங்கள் கவனிக்கவில்லை. மறுநாள் பலகையைச் சுவரிலிருந்து எடுத்து, நடப்பவர் தலைக்கு மேலே குறுக்காகத் தொங்கவிட்டோம். தென்கடல் பக்கத்து வெளிப்பலகையில் நீலம் இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அடுத்த தடைக்காலம் முடிந்ததும் வந்து ஒரு பூச்சு கொடுக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.